காதால் நடந்த வேட்டை

(கடலடிப் போர்கள் – 17)

கிணற்றில் குதித்துப் பழகியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். சித்திரை வெயிலில் மேல்தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். தலைகீழாகப் பாய்ந்து இரண்டு ஆள் ஆழம் போனால் திடீரென்று உடம்பு சிலிர்க்கும். சூடு மெல்ல மெல்லக் குறைவதில்லை. ஒரு கோடு போட்ட மாதிரி, அந்தக் கோட்டுக்கு மேலே ஒரு தண்ணீர், கீழே வேறொரு தண்ணீர்.

இதை நான் கடக்வாஸ்லா ஏரிக்கரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். புனேயிலிருந்து தென்மேற்கே, சிங்ககட் கோட்டைக்குப் போகும் வழியில் இருக்கும் ஏரி. கடலுக்கும் இதற்கும் இடையே சகியாத்ரி மலை நிற்கிறது. இருந்தாலும் நம் கடற்படை அதிகாரிகளில் ஏராளமானோர் முதன்முதலில் பாய்மரக் கயிற்றைப் பிடித்தது இந்தத் தண்ணீரில்தான். 1949 அக்டோபர் 6 அன்று நேரு அடிக்கல் நாட்டிய தேசியப் பாதுகாப்பு அகாடமி ஏரியின் கரையில் பரந்து கிடக்கிறது. டேராடூனில் நடந்துவந்த பயிற்சி 1955 ஜனவரியில் இங்கே குடிபெயர்ந்தது. ஏரியின் ஒரு மடிப்புக்கு ‘பீகாக் பே’ என்று பெயர். கடலே பார்க்காத ஊர்களிலிருந்து வந்த பையன்கள் அங்கே துடுப்புப் போட்டுப் படகோட்டப் பழகுகிறார்கள். 1971 போரில் இளம் அதிகாரிகளாக நின்றவர்களில் பலர் அப்படிப் பழகியவர்கள்.

கிணற்றுத் தண்ணீரின் அந்தக் கோடு கடலிலும் உண்டு. 1971 டிசம்பர் 9 இரவு அரபிக்கடலில் நடந்ததைப் புரிந்துகொள்ள அது வேண்டும்.

சென்ற வாரம் விசாகப்பட்டினத்தில் நின்றோம். நாகர்கோவிலில் பிறந்த வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன், விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தை அந்தமானில் மறைத்துவிட்டு அது இங்கேதான் இருக்கிறது என்று நம்பவைத்ததையும், அதைத் தேடி வந்த பாகிஸ்தான் நீர்மூழ்கி காஸி டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டித் துறைமுக வாசலில் அழிந்ததையும் பார்த்தோம். அது நமக்கு இனிக்கும் கதை. இந்த வாரக் கதை இனிக்காது. நம் போர்க்கப்பல் குக்ரி மூழ்கிய கதை இது. மூழ்கடித்தவர் பாகிஸ்தான் நீர்மூழ்கி ஹாங்கோரின் தலைவர் கமாண்டர் அகமத் தஸ்னிம். இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஒரு நீர்மூழ்கி ஒரு போர்க்கப்பலை மூழ்கடித்தது உலகில் அதுவே முதல் முறை. அவர் செய்ததை நிதானமாக எடைபோட வேண்டும் என்பது என் எண்ணம். எதிரியின் திறமையைக் குறைத்துச் சொன்னால், அதன் முன் நின்று உயிர்விட்ட நம் 194 பேரின் நிலையும் நமக்கு விளங்காமல் போய்விடும்.

முதலில் கருவி. ஹாங்கோர், பிரான்சில் கட்டிய டாஃப்னே வகை நீர்மூழ்கி. நீளம் 58 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. தண்ணீருக்குள் ஆயிரம் டன்னைக் கொஞ்சம் தாண்டும். முன்பக்கம் 8, பின்பக்கம் 4 என்று 12 டார்பிடோக் குழல்கள். இந்த வகைக்கு ஒரு கறுப்புச் சரித்திரமும் இருந்தது. பிரெஞ்சுக் கடற்படை இதே வகையில் மினெர்வை 1968 ஜனவரியிலும் யூரிடிஸை 1970 மார்ச்சிலும், உள்ளே இருந்த அத்தனை பேரோடும் இழந்திருந்தது. ஆனால் இதன் பெரிய பலம் அமைதி. பேட்டரியில் மெதுவாக ஓடும்போது இது எழுப்பும் சத்தம் மிகக் குறைவு. வெளியே இருந்து வரும் சத்தத்தையோ வெகு தொலைவிலிருந்தே பிடிக்கும்.

குக்ரி இதற்கு நேர் எதிரான பிறவி. பிரிட்டனில் கட்டி 1958-ல் நம் கடற்படையில் சேர்ந்த ஃப்ரிகேட். 1,200 டன் வகையறா. நீர்மூழ்கி வேட்டைக்கென்றே வரையப்பட்ட கப்பல். தண்ணீருக்குள் வெடிகுண்டு வீசும் மூன்று குழல் மோர்ட்டார்கள் இரண்டு அதில் உண்டு. குக்ரி, கிர்பான், குட்டார் மூன்றும் சேர்ந்தது 14-ஆவது ஃப்ரிகேட் படைப்பிரிவு. அதன் தலைவர் கேப்டன் மகேந்திர நாத் முல்லா. உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூரில் 1926-ல் பிறந்தவர். வேட்டைக்குக் கட்டிய கப்பலே இரையானது எப்படி என்பதுதான் கேள்வி.

ஹாங்கோர் நவம்பர் 22 அன்று கராச்சியிலிருந்து கிளம்பியது. மும்பைக்கு அருகில் சுற்றவேண்டும் என்பது உத்தரவு. போர் இன்னும் தொடங்கவில்லை. டிசம்பர் 3 மாலை பாகிஸ்தான் விமானங்கள் நம் விமானத்தளங்களைத் தாக்கியபிறகுதான் அது அறிவிப்பாக வந்தது. அதற்குச் சற்று முன்னதாக, மும்பையிலிருந்து புறப்பட்ட நம் மேற்குக் கப்பற்படை ஹாங்கோர் காத்திருந்த பகுதி வழியாகவே போனது. பெரிய கப்பல்கள், பாதுகாப்புக் கப்பல்கள் என்று ஒரு முழு அணி. தலைக்கு மேலே அத்தனை உந்திகளும் சுழலும் சத்தத்தை உள்ளே இருந்தவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சுட அனுமதி இல்லை. தஸ்னிம் சுடவில்லை.

இந்த இடத்தை வேகமாகக் கடந்துபோகக் கூடாது. ஒரு நீர்மூழ்கித் தலைவருக்கு வாழ்நாளில் ஒருமுறைகூட வாய்க்காத இரை அது. அங்கே சுட்டிருந்தால், போரைத் தொடங்கிய பழி அவர் தலையில் விழுந்திருக்கும். தன் இருப்பைக் காட்டிக்கொள்ளாமல், ஒரு தவறான அசைவு இல்லாமல், அந்த அணியைத் தலைக்கு மேலே போகவிட்டார். நல்ல நீர்மூழ்கித் தலைவருக்கு வேண்டிய முதல் குணத்தை அவர் அந்த இரவிலேயே காட்டிவிட்டார் என்று நினைக்கிறேன்.

அடுத்து வந்தது ஒரு சாதாரண இயந்திரக் கோளாறு. கப்பலின் குளிர்சாதன இயந்திரம் பழுதானது. நீர்மூழ்கியில் குளிர்சாதனம் சொகுசு இல்லை. ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆட்கள், பேட்டரி வெப்பம், மின்கருவிகள் எல்லாம் அடைபட்ட குழாய்க்குள் அது இல்லாமல் நாள்கணக்கில் இருக்க முடியாது. தண்ணீருக்கு அடியில் இருந்துகொண்டு அதைச் சரிசெய்யவும் முடியாது. சௌராஷ்டிரக் கடலோரத்தில், மீன்பிடிப் படகுகளுக்கு நடுவே ஹாங்கோர் மேலே வந்தது. இரவில் படகு விளக்குகளோடு விளக்காகத் தன்னையும் காட்டிக்கொண்டு, சுமார் 36 மணி நேரம் மிதந்தபடி பழுதுபார்த்தார்கள். எதிரியின் கடலில், எதிரி விமானங்கள் பறக்கும் வானத்தின் கீழே. ஊருக்குத் திரும்பியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். தஸ்னிமின் துணிச்சலுக்கு எடுத்துக்காட்டு தேடுபவர்கள் டார்பிடோ விட்ட நிமிடத்தைக் காட்டுகிறார்கள். எனக்கு இந்த 36 மணி நேரம்தான் கண்ணில் நிற்கிறது.

அவர் செய்த பிழை ஒன்றும் உண்டு. கண்டதையும் கேட்டதையும் கராச்சிக்கு வானொலியில் சொன்னார். நீர்மூழ்கி வாயைத் திறந்தால் அது எந்தத் திசையில் இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும் கருவிகள் கரையில் உண்டு. நம் கடற்படை அந்தச் சமிக்ஞைகளைப் பிடித்து, டையூவுக்குத் தென்மேற்கே ஒரு நீர்மூழ்கி திரிகிறது என்று கணித்தது. உடனே 14-ஆவது ஃப்ரிகேட் பிரிவு மும்பையிலிருந்து அனுப்பப்பட்டது. குட்டார் இயந்திரக் கோளாறால் கிளம்ப முடியவில்லை. குக்ரியும் கிர்பானும் மட்டும் போயின.

அன்றைய நிலையில் அனுப்பாமலும் இருக்க முடியாது. டிசம்பர் 4 இரவும் 8 இரவும் நம் ஏவுகணைப் படகுகள் கராச்சியைத் தாக்கியிருந்தன. கியாமாரி எண்ணெய்த் தொட்டிகள் எரிந்துகொண்டிருந்தன. மூன்றாவது தாக்குதலுக்குத் திட்டம் தயார். கராச்சிக்கும் மும்பைக்கும் நடுவே எதிரி நீர்மூழ்கி ஒன்று இருப்பது தெரிந்தபின் அதை விட்டுவைப்பது எப்படி?

டிசம்பர் 9 காலை ஹாங்கோர் இரண்டு கப்பல்களின் சத்தத்தைப் பிடித்தது. அவை வேகமானவை, துரத்திப் பிடிப்பது இயலாது. ஆனால் அவை ஓரிடத்துக்குப் போய்க்கொண்டிருக்கவில்லை, தேடிக்கொண்டிருந்தன. நீள்சதுரம் நீள்சதுரமாக, ஒரு பக்கம் போய்த் திரும்பி, மறுபக்கம் வந்து. தஸ்னிம் பகல் முழுக்க அந்தக் கோலத்தைக் காதால் வரைந்தார். எங்கே போகிறார்கள் என்பதை விட்டுவிட்டு, எங்கே திரும்பி வருவார்கள் என்று கணக்குப் போட்டார். வருகிற வழியில் போய்க் காத்திருந்தார்.

இங்கே கொஞ்சம் விளக்கம் தேவை. கண்ணை மூடிக்கொண்டு சாலையோரம் நின்று பாருங்கள். பஸ் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காது சொல்லிவிடும். எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று சொல்லாது. நீர்மூழ்கியின் நிலையும் அதுதான். சும்மா கேட்டுக்கொண்டிருந்தால் திசை மட்டும் கிடைக்கும். தூரம் தெரிய வேண்டுமானால், தான் கொஞ்சம் நகர்ந்து, திசை எப்படி மாறுகிறது என்று நிமிடத்துக்கு நிமிடம் குறித்து, கணக்கால் பிடிக்க வேண்டும். எதிரி ஒரே வேகத்தில் ஒரே நேர்கோட்டில் வந்தால்தான் இந்தக் கணக்கு கூடிவரும். அவன் வளைந்து வளைந்து ஓடினால், போட்ட கணக்கை ஒவ்வொரு வளைவிலும் அழித்து எழுத வேண்டும்.

மறுபக்கம், குக்ரியிடம் இருந்தது ஒலியை அனுப்பி எதிரொலி கேட்கும் சோனார். இருட்டுத் தோட்டத்தில் டார்ச் அடித்துத் திருடனைத் தேடுகிறவனை நினைத்துக்கொள்ளுங்கள். டார்ச் வெளிச்சம் பத்தடிக்குத்தான் உதவும். ஆனால் டார்ச் வைத்திருப்பவன் எங்கே நிற்கிறான் என்பது தோட்டத்தின் மறுகோடிக்கும் தெரியும். இதில் அந்தத் தண்ணீர்க் கோடும் சேர்ந்துகொள்கிறது. மேல்தண்ணீரின் சூடும் கீழ்த்தண்ணீரின் குளிர்ச்சியும் சந்திக்கும் இடத்தில் ஒலி வளைந்துவிடும். கப்பலின் அடிவயிற்றிலிருந்து கிளம்பும் ஒலி அந்தக் கோட்டைத் தாண்டும்போது திசைமாறிச் சிதறும். நம் சூடான கடல்களில் இது பெரிய தொல்லை. அட்லாண்டிக்கின் குளிர்ந்த நீருக்காக வரைந்த கருவியை இங்கே கொண்டுவந்து இயக்குகிறவர்கள் இதை நன்றாக அறிவார்கள்.

குக்ரியில் இருந்தவர்களும் அறிந்திருந்தார்கள். அதை வெல்ல ஒரு முயற்சியும் நடந்துகொண்டிருந்தது. லெப்டினன்ட் வி.கே. ஜெயின் என்ற இளம் அதிகாரி, சோனார் இன்னும் தூரம் கேட்கும்படி ஒரு துணைக்கருவியை உருவாக்கியிருந்தார். அதைச் சோதிக்கத்தான் அவர் குக்ரியில் வந்திருந்தார். கருவி நன்றாக வேலைசெய்ய வேண்டுமானால் கப்பலின் சொந்தச் சத்தம் குறைய வேண்டும். அதற்கு வேகம் குறைய வேண்டும். குக்ரி 12 நாட் வேகத்தில், நேராக, அதிகம் வளையாமல் போனது.

இதை எழுதும்போது கை தயங்குகிறது. ஜெயின் செய்ய முயன்றது சரியானது, தேவையானது. எதிரியின் காது நம் காதைவிட நீளம் என்பதை உணர்ந்து அதை ஈடுகட்ட உழைத்த மனிதர் அவர். அந்த இரவில் அவரும் போய்விட்டார். ஆனால் எதிரி நடமாடுவது உறுதியான கடலில், போர் நடக்கும் இரவில், ஒரு சோதனைக்காக வேகத்தைக் குறைத்து நேர்கோட்டில் போவது பிழையான கணக்கு. வேகமும் வளைவும் குறைந்த நிமிடத்தில் தஸ்னிமின் கணக்குத் தாள் தானாக நிரம்பியது. நம் கடற்படையின் வரலாற்றை ‘டிரான்சிஷன் டு டிரையம்ப்’ என்ற நூலாக எழுதிய வைஸ் அட்மிரல் ஜி.எம். ஹிரானந்தானியும் இந்த வேகக் குறைப்பை மறைக்காமல் பதிவு செய்திருக்கிறார். 1971-ல் மேற்குக் கப்பற்படையின் செயற்பாட்டு அதிகாரியாக இருந்தவர் அவர். எதிரித் தலைவரான தஸ்னிமின் விவரிப்பையும் அதே நூலில் சேர்த்தார். அந்த நேர்மைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

அன்று தேய்பிறை அஷ்டமியை ஒட்டிய இரவு. நிலா எழ நள்ளிரவு ஆகும். இரு கப்பல்களும் விளக்கணைத்துப் போய்க்கொண்டிருந்தன. தஸ்னிம் பெரிஸ்கோப்பை உயர்த்திப் பார்த்தார். இருட்டைத் தவிர ஒன்றும் இல்லை. இங்கே இரண்டு வழிகள் இருந்தன. கண்ணுக்குத் தெரியும்வரை மேலேயே நெருங்குவது பழைய பள்ளியின் வழி. தெரியும் தூரத்துக்கு வந்தால் எதிரியின் ராடாருக்கும் சோனாருக்கும் அவரும் தெரிவார். அவர் கீழே இறங்கினார். சுமார் 40 மீட்டர் ஆழத்துக்குப் போய், காதை மட்டும் நம்பித் தாக்குவது என்று முடிவெடுத்தார்.

இப்படி ஒலியை நம்பிய தாக்குதலுக்கு உலகப்போரில் ஒரு முன்னோடி உண்டு. 1945 பிப்ரவரி 9 அன்று நார்வேக் கடலோரத்தில், பிரிட்டிஷ் நீர்மூழ்கி வெஞ்சரரின் இளம் தலைவர் ஜிம்மி லாண்டர்ஸ், தண்ணீருக்குள் ஓடிக்கொண்டிருந்த ஜெர்மன் யு-864 நீர்மூழ்கியை மணிக்கணக்கில் ஒலியால் பின்தொடர்ந்தார். அது வளைந்து வளைந்து போகும் ஒழுங்கைக் கணக்கிட்டு, நான்கு டார்பிடோக்களை விரித்து விட்டு மூழ்கடித்தார். இரு நீர்மூழ்கிகளும் மூழ்கியிருந்த நிலையில் ஒன்று மற்றதைக் கொன்றது வரலாற்றில் அது ஒன்றுதான். லாண்டர்ஸுக்கும் தஸ்னிமுக்கும் பொதுவான குணம் ஒன்று: எதிரியின் பழக்கம் பிடிபடும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.

இரவு 9 மணிக்குச் சற்று முன். வடக்கே கிர்பான், தெற்கே குக்ரி. தஸ்னிம் முதல் டார்பிடோவைக் கிர்பான் மீது விட்டார். ஒலியைத் தேடிப்போகும் டார்பிடோ. அது இலக்கை அடைந்தது, ஆனால் வெடிக்கவில்லை. நாள் முழுக்கச் செய்த கணக்கு வீண். அதைவிடக் கேடு, எதிரிக்கு இப்போது விஷயம் தெரிந்துவிட்டது.

ஒரு தலைவரை அளக்க வேண்டுமென்றால் அந்த நிமிடத்தில் அளக்க வேண்டும். பயிற்சி நூல்கள் என்ன சொன்னாலும், முதல் டார்பிடோ பொய்த்தவுடன் ஆழத்துக்குப் பாய்ந்து ஓடத்தான் உடம்பு சொல்லும். தஸ்னிமின் விவரிப்பின்படி குக்ரி திரும்பி, வேகம் கூட்டி, அவரை நோக்கி வந்தது. அவர் அதன் மேல் அவசரக் கணக்கில் இரண்டாவது டார்பிடோவை விட்டார். நாள் முழுக்கச் செய்த கணக்கு முதல் தடவையே பலித்திருந்தால் அதைப் பொறுமையின் வெற்றி என்று மட்டும் சொல்லலாம். குக்ரியை மூழ்கடித்தது சில நொடிகளில் போட்ட கணக்கு. அப்படி நொடியில் கணக்குப் போட அவர் கையில் அந்தப் பகலின் உழைப்பு இருந்தது.

டார்பிடோ கப்பலின் அடியில் வெடித்தது. ஒரு டார்பிடோதான் தாக்கியது என்பது பாகிஸ்தான் தரப்பு. ஒன்றுக்கு மேற்பட்ட வெடிப்புகளைக் கேட்டதாகச் சொன்னவர்கள் தப்பிய நம் மாலுமிகள். வெடிமருந்து அறை பற்றிக்கொண்டால் ஒரே அடி பல அடியாகக் கேட்கும். எப்படியானாலும், கப்பல் சில நிமிடங்களில் போய்விட்டது.

புனேயிலிருந்து மும்பை ரயிலில் போனால் மலை இறக்கம் தொடங்குமுன் லோனாவாலா வரும். அங்கே ஐஎன்எஸ் சிவாஜி இருக்கிறது. நம் கடற்படையின் எஞ்சின் துறையினர் 1945 முதல் அங்கேதான் பயிற்சி பெறுகிறார்கள். ஒவ்வொரு முறை அந்த ஸ்டேஷனைத் தாண்டும்போதும் எனக்குக் குக்ரியின் கீழ்த்தளங்கள்தான் நினைவுக்கு வரும். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, கொதிகலனுக்கும் விசையாழிக்கும் நடுவே வேலை பார்ப்பவர்களுக்கு மேலே வர ஏணிதான் வழி. ஏணி செங்குத்து. கப்பல் சாய்ந்துவிட்டால் ஏணியே தரையாகிவிடும். சில நிமிடங்கள் அவர்களுக்குப் போதாது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் இறந்தார்கள். தப்பியவர்கள் 67 பேர்.

கேப்டன் முல்லா கப்பலைக் கைவிடும்படி உத்தரவிட்டார். மிதவைகளையும் படகுகளையும் கடலில் தள்ளச் சொன்னார். ஆட்களைத் தண்ணீரில் இறக்கிவிட்டு, இன்னும் யாரையாவது காப்பாற்ற முடியுமா என்று பார்க்க மேல்தளத்துக்குத் திரும்பிப் போனார். கப்பலோடு மூழ்கினார். அவருக்கு மகாவீர சக்கரம் வழங்கப்பட்டது. கப்பலோடு போவது வீண் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. பயிற்சி பெற்ற ஒரு கேப்டன் உயிரோடு இருப்பதே நாட்டுக்கு லாபம் என்பார்கள். நான் அந்த வாதத்தோடு ஒத்துப்போக முடியாதவன். கீழே ஏணியில் ஆட்கள் இருக்கும்போது மேலே இருந்து குதித்துவிட முடியாத ஒரு மனிதரைப் பற்றிப் பேசுகிறோம்.

கிர்பானுக்கு வருவோம். தஸ்னிம் அதன்மேல் மூன்றாவது டார்பிடோவையும் விட்டார். அது முழுவேகத்தில் விலகியது. தொலைவில் ஒரு வெடிப்புச் சத்தம் கேட்டதாக ஹாங்கோரில் இருந்தவர்கள் குறித்துக்கொண்டார்கள். கிர்பானும் அடிபட்டது என்று நெடுநாள் நம்பினார்கள். கிர்பான் அடிபடவில்லை. மறுநாள் கச்சால் கப்பலோடு திரும்பி வந்து, தண்ணீரில் மிதந்தவர்களை மீட்டது. காதால் போரிடுகிறவருக்கு இப்படி ஏமாற நேர்வது இயல்பு.

கிர்பான் விலகிப் போனதைப் பற்றி நம் ஊரில் பல ஆண்டுகள் கசப்பான பேச்சு இருந்தது. எதிரி எங்கே இருக்கிறான் என்று தெரியாமல், மிதக்கும் ஆட்களுக்கு நடுவே கப்பலை நிறுத்தியிருந்தால் அடுத்த டார்பிடோவுக்கு அது அசையாத இலக்காகியிருக்கும். ஹாங்கோரின் குழல்களில் இன்னும் டார்பிடோக்கள் இருந்தன. 1914 செப்டம்பரில் ஒரே ஜெர்மன் நீர்மூழ்கி மூன்று பிரிட்டிஷ் குரூஸர்களை ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கடித்தது இப்படித்தான். முதலாவதின் ஆட்களைத் தூக்க மற்ற இரண்டும் நின்றன. கிர்பானின் தலைவர் அன்று செய்ததைவிடக் கடினமான முடிவு ஒருவருக்கு வாய்க்காது.

அதன் பிறகு வேட்டை திசைமாறியது. கப்பல்களும் விமானங்களும் ஹெலிகாப்டர்களுமாக நான்கு நாட்கள் ஹாங்கோரைத் தேடின. வெடிகுண்டுகள் விழுந்துகொண்டே இருந்தன. பேட்டரி தீர்ந்தால் ஸ்நார்க்கல் குழாயை நீட்டி மேலே காற்று உறிஞ்ச வேண்டும். குழாயை நீட்டினால் ராடாரில் தெரியும். அந்தக் கணக்கை நான்கு நாட்கள் தாக்குப்பிடித்தார்கள். டிசம்பர் 17-ல் மேற்கே போர் நின்றது. 18 அன்று ஹாங்கோர் கராச்சித் துறைமுகத்துக்குள் நுழைந்தது. தஸ்னிமுக்கு சிதாரா-ஏ-ஜுரத் விருது கிடைத்தது. பின்னாளில் வைஸ் அட்மிரல் ஆனார்.

அவருடைய வெற்றியின் எடை எவ்வளவு? டன் கணக்கில் பார்த்தால் சிறிது. போரின் முடிவை அது மாற்றவில்லை. டிசம்பர் 16 அன்றே டாக்காவில் எல்லாம் முடிந்துவிட்டது. ஆனால் கராச்சி மீதான மூன்றாவது ஏவுகணைத் தாக்குதல் நடக்கவில்லை. குக்ரிக்குப் பின் நம் கப்பல்கள் நீர்மூழ்கித் தேடலில் இறங்கின, தாக்குதல் கைவிடப்பட்டது. தாக்கவந்த ஒரு கடற்படையை ஒரே இரவில் தேடுகிற கடற்படையாக ஒரு நீர்மூழ்கி மாற்றிவிட்டது. சுமார் பத்தரை ஆண்டுகள் கழித்து, 1982 மே 2 அன்று, பிரிட்டிஷ் அணு நீர்மூழ்கி காங்கரர் அர்ஜென்டினாவின் ஜெனரல் பெல்கிரானோவை மூழ்கடித்து 323 பேரைக் கொன்றது. அதன்பின் அர்ஜென்டினாவின் பெரிய கப்பல்கள் கரையை விட்டு வரவில்லை. இரண்டு இடங்களிலும் மூழ்கிய கப்பலைவிட, தாக்க வராத கப்பல்களின் எண்ணிக்கை பெரிது.

தஸ்னிமின் கணக்கில் நான் கழிக்க வேண்டியவை: வானொலியில் பேசியது, கிர்பானைப் பற்றிய தவறான நம்பிக்கை, எதிரி அன்று 12 நாட்டில் நேராகப் போனது என்ற அதிர்ஷ்டம். கூட்ட வேண்டியவை: சுடாமல் விட்ட இரவு, மீன்படகுகளுக்கு நடுவே கழிந்த 36 மணி நேரம், பெரிஸ்கோப்பை இறக்கிவிட்டுக் காதை நம்பியது, முதல் டார்பிடோ பொய்த்தபின் ஓடாமல் நின்றது. கழித்தபின்னும் மீதி பெரியது. எங்கள் எதிரிதான், ஆனால் தன் தொழிலைத் தெரிந்தவர்.

டையூவில் சக்ரதீர்த் கடற்கரையை ஒட்டிய மேட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் குக்ரியின் மாதிரி ஒன்று கடலைப் பார்த்து நிற்கிறது. பழைய பெயரைச் சுமந்து 1989-ல் வந்த இரண்டாவது குக்ரியும் 2021 டிசம்பரில் ஓய்வு பெற்றபின் அதே டையூவுக்குக் கொடுக்கப்பட்டது. ஹாங்கோர் கராச்சியின் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. டிசம்பர் 9 அங்கே ஹாங்கோர் நாள்.

இதே டிசம்பரில், இதே கடலில், கராச்சிப் பக்கம் இன்னொரு நீர்மூழ்கி காத்துக் கிடந்தது. நம் கராஞ்ச். தலைவர் கமாண்டர் வி.எஸ். ஷெகாவத், பின்னாளில் கடற்படைத் தளபதியானவர். எந்தக் கப்பலையும் அது மூழ்கடிக்கவில்லை. எதிரியின் போர்க்கப்பல்தான் என்று ஐயமறத் தெரிந்தாலொழியச் சுடக்கூடாது என்பது அதற்கு இடப்பட்ட கட்டளை. அந்தக் கட்டளையோடு எதிரி வாசலில் இருந்து திரும்பிய ஷெகாவத்துக்கு வீர சக்கரம் கொடுத்தார்கள். சுடாத ஒரு நீர்மூழ்கித் தலைவருக்கு ஏன் விருது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)